இலவசத்தில் ஐந்து பேர்

ஆறாவது ஆளைச் சேர்க்க முடியாது என்று கைபேசி அடம்பிடித்தது.

வேலை பேசுபவர்களின் பெயரையும் விலையையும் வைத்துக்கொண்டு, அவர்களுக்கு விலைப்பட்டியலும் செய்தியும் அனுப்பும் செயலி அது. பெயிண்டர் மறுபடி எழுத்துக்கூட்டிப் படித்தார். 'இலவசத் திட்டத்தில் ஐந்து வாடிக்கையாளர்களுக்கே இடம். கட்டணத் திட்டத்தில் எத்தனை பேரையும் சேர்க்கலாம். செய்திகளையும் நீங்களே எழுதலாம்.'

நாற்பது வயதுக்கு மேல் எழுத்துப் படித்தவர். படிக்கத் தெரியாத காலத்தில் இந்த மாதிரித் தொல்லை எதுவும் அவரை நெருங்கியதில்லை.

ஆறாவது ஆள் மருத்துவமனைக்காரர். மூன்று மாடி, உள்ளும் புறமும். ஆயுளுக்கு ஒருமுறை வரும் வேலை. விலைப்பட்டியல் இன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் அச்சடித்த மாதிரி வந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் என்று சொல்லிவிட்டார்.

"காசைக் கட்டித் தொலைங்களேன்" என்றாள் மனைவி, துணி மடித்தபடி.

"எதுக்குடி? அஞ்சுல ஒருத்தரைத் தூக்கினா இடம் காலி. அதுக்கெல்லாம் மூளை வேணும்."

"அதை எந்தத் திட்டத்துல தர்றாங்க?"

ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மதில் சுவர் ஆறு மாதமாகப் பேச்சிலேயே நின்றது. அவர் பெயரைத் தொட்டார். பட்டியலிலிருந்து எடுக்க 'வென்றது', 'இழந்தது' என இரண்டு பொத்தான்கள். 'இழந்தது' என்பதை அமுக்கினார்.

இரண்டே நிமிடத்தில் அழைப்பு.

"ஏம்ப்பா, நான் எப்ப செத்தேன்?"

"ஐயா?"

"'உங்களை இழந்துவிட்டோம், ஆழ்ந்த வருத்தங்கள்'னு உன் பேர்ல வந்திருக்கு. என் வீட்டம்மா படிச்சுட்டு என்னை ஏற இறங்கப் பாக்குறா!"

மன்னிப்புக் கேட்டு அவரைப் பழைய இடத்திலேயே உட்கார வைத்தார். இழந்தது என்பது அபசகுனம். வென்றது நல்ல சொல்தானே? வக்கீல் பெயரில் அதை அமுக்கினார்.

"யோவ்! 'உங்களை வென்றுவிட்டோம், மகிழ்ச்சி'யா? காலையிலதான் ஒரு கேஸ்ல தோத்துட்டு வந்து உக்காந்திருக்கேன். எதிர்க்கட்சிக்காரன் உனக்கு எவ்வளவு குடுத்தான்?"

வக்கீலும் பழைய இடத்துக்கே வந்தார். மணி பதினொன்றே முக்கால்.

இருவருக்கும் முறையாக மன்னிப்பு அனுப்பலாம் என்று தேடினார். இலவசத்தில் சொந்தமாக எழுத வழியில்லை. 'வருத்தம்' என்ற சொல் உள்ள செய்தி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. படித்துப் பார்க்கப் பொறுமையில்லை. அதைத் தொட்ட விரல், பக்கத்திலிருந்த 'அனைவருக்கும்' என்பதையும் சேர்த்துத் தொட்டது.

தலைமையாசிரியர் இரண்டாவது முறையாக இறந்தார். மற்ற நால்வரும் முதல் முறை.

கைபேசி ஓயாமல் அலறியது.

"எடுக்காதீங்க" என்றாள் மனைவி. "இப்ப உங்க பட்டியல்ல உயிரோட யாருமில்ல. இடம் தாராளமா இருக்கு."

பெயிண்டர் தன் மூளையை மனசுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டு, செயலிக் கம்பெனிக்கே போன் போட்டார். பத்து நாளாகப் பணம் கட்டச் சொல்லித் தினமும் கூப்பிட்ட பெண்தான் எடுத்தாள். அத்தனை நாளும் அவளுக்கு "பாக்கலாம்மா" என்பதைத் தவிர அவர் வேறு பதில் சொன்னதில்லை.

"தங்கச்சி, காசு கட்டுறேன். முழுசா, இப்பவே! பன்னெண்டுக்குள்ள திறந்து விடும்மா."

அந்தப் பக்கம் எதையோ தட்டும் சத்தம். பிறகு ஒரு பெருமூச்சு.

"ஐயோ அண்ணே, அஞ்சு நிமிஷம் முன்னாடி சொல்லக் கூடாதா? புதுசா ஒருத்தரைச் சேக்கணும்னு இப்பத்தான் உங்களை 'இழந்தது'ல போட்டேன். எங்க ஆபீஸ்லயும் இலவசத் திட்டம்தான்!"