ஆற்காட்டுக்குப் போகப்போகிறவர்

வீட்டில் ஒரு சாமான் உடைந்தால் சிலர் திட்டுவார்கள், சிலர் சுத்தியலைத் தேடுவார்கள். ஒரு ரகத்தார் மட்டும் உடைந்ததைக் கையில் எடுத்துப் பார்த்து, லேசாகச் சிரித்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுவார்கள். அந்தச் சிரிப்பைக் கைசர் ஜஹான் பல வருஷமாகப் பார்த்துவருகிறாள். அவள் கணவர் ஷரஃபுதீன் அந்த ரகம். கடைசிக் காலத்தில் ஆற்றங்கரை ஊர் ஒன்றில் போய்க் குடியேறப்போகிறவர்கள் ரகம்.

உங்களுக்கும் இவரைத் தெரிந்திருக்கும். மேற்கு மாம்பலத்தில் இருந்தால் இவர் கும்பகோணத்துக்குப் போகப்போகிறார், அடையாறில் இருந்தால் ஸ்ரீரங்கத்துக்கு. ஷரஃபுதீன் மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுப் பக்கம், சொந்த வீடு, அவருக்கு ஆற்காடு. ஊர் எதுவானாலும் அங்கே காற்று சுத்தம், கத்தரிக்காய் காலையில் பறித்தது, மனிதர்கள் தங்கம். எப்போது போகிறீர்கள் என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது.

தி. நகரில் சூட்கேஸ் கடை வைத்து, துபாய்க்கும் அமெரிக்காவுக்கும் ஊரையே அனுப்பிவைத்தவர் அவர். கடையை மகன் உபைதிடம் ஒப்படைத்த அன்றைக்கே, இனி ஆற்காடுதான் என்று அறிவித்தார். அதன்பிறகு வருஷத்துக்கு இரண்டு தடவை போய், நவாப் காலத்து வாசல் பக்கத்தில் நின்று பாலாற்றைப் பார்க்கிறார். முக்கால்வாசி நாள் அதில் மணல்தான். தண்ணீர் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். அந்த ஊர் இனிப்பான மக்கன் பேடா ஒரு பெட்டி வாங்கிக்கொண்டு, இருட்டுவதற்குள் மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்துவிடுவார். ஒரு ராத்திரி தங்கினால் என்ன? அங்கே கொசு.

எப்படியும் போகப்போகிற வீட்டுக்கு யார் செலவு செய்வார்கள்? சமையலறை ஜன்னல் மூடாது. ஹால் மின்விசிறி ஒரே வேகத்தில்தான் சுற்றும். இதையெல்லாம் கைசர் ஜஹான் பொறுத்துக்கொண்டாள். பொறுக்காதது அவள் முழங்கால். வீட்டில் குத்துக்காலிட்டு உட்காரும் பழைய கழிப்பறை. வெஸ்டர்ன் வைக்கலாமா என்று அவள் கேட்ட போதெல்லாம், ஆற்காட்டில் அவள் இஷ்டம்போலக் கட்டித் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஒவ்வொரு காலையும் அவள் சுவர்க்குழாயைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள்.

ஒருநாள் குழாய் கையோடு வந்துவிட்டது. ஈரத்தரையில் உட்கார்ந்தபடி அவள் நெடுநேரம் கூப்பிட்டாள். ஹாலில் ஷரஃபுதீன் யாருக்கோ போனில் ஆற்காட்டுக் காற்றை விவரித்துக்கொண்டிருந்தார். பேசி முடித்து வந்து அவளைத் தூக்கிவிட்டார். பிறகு குழாயை எடுத்துப் பார்த்தார். சிரித்தார்.

அன்று மத்தியானமே கைசர் ஜஹான் ஆற்காட்டில் இருக்கிற தன் தம்பி மெஹபூப் பாஷாவுக்குப் போன் செய்தாள். அவனும் ஒரு மாதம் அலைந்து வீடு பிடித்துவிட்டான். மாடியில் நின்றால் ஆறு. கழிப்பறை வெஸ்டர்ன். ஒரு வெள்ளிக்கிழமை சாவியோடு நேரில் வந்து, சாப்பாட்டுக்கு நடுவில் கேட்டான்:

“மச்சான், வேன் என்னிக்கு அனுப்பட்டும்?”

ஷரஃபுதீன் தட்டைச் சற்றுத் தள்ளிவைத்தார். ஆற்காட்டில் இப்போது வெயில் அதிகம் என்றார். இதய டாக்டர் இங்கே இருக்கிறார் என்றார். பேத்தி ஆயத்துக்குப் பரீட்சை வருகிறது என்றார். ஆயத் எல்.கே.ஜி. படிக்கிறாள்.

“அவசரப்படாத நைனா. ஊரு எங்க ஓடிடப்போவுது?”

அந்த வீட்டில் பேச்சு உருது, சண்டை தமிழ். உருதுவில் மரியாதை அதிகம், கோபம் நிற்காது. கைசர் ஜஹான் தமிழுக்கு மாறினாள்.

“ஊரு ஓடாதுங்க. எனக்குத்தான் ஏந்திரிக்கவே கால் இல்ல. ஒண்ணு வேனைச் சொல்லுங்க, இல்லாட்டி கொத்தனாரைச் சொல்லுங்க.”

இங்கேதான் இந்த ரகத்தாரின் திறமையைக் கவனிக்க வேண்டும். போகவில்லை என்ற சொல் மட்டும் அவர்கள் வாயில் வராது. ஷரஃபுதீன் தண்ணீர் குடித்தார், மீசையைத் துடைத்தார்.

“நாம போனப்புறம் இந்த வூட்ட வாடகைக்கு வுடணும்ல? வெஸ்டர்ன் இல்லன்னா எவனும் வரமாட்டான். கொத்தனாரையே கூப்புடுவோம்.”

“ஆமா. வாடகைக்கு வர்றவங்க முழங்கால் பாவம்,” என்றாள் கைசர் ஜஹான்.

மெஹபூப் பாஷா சாவியைச் சட்டைப்பையில் திரும்பப் போட்டுக்கொண்டான். அடுத்த வாரம் கொத்தனார் வந்தார். வராத குடித்தனக்காரருக்காக ஷரஃபுதீன் தானே நின்று டைல்ஸ் பொறுக்கினார். கைசர் ஜஹானுக்கு வழி புரிந்துவிட்டது. ஜன்னல் மூடாவிட்டால் குடித்தனக்காரர் என்ன நினைப்பார் என்று ஒரு நாள் கவலைப்பட்டாள், ஆசாரி வந்தார். மின்விசிறிக்கும் அப்படியே கவலைப்பட்டாள். தனக்காக எதையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நடந்திருக்குமா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்கள் வீட்டில் சொட்டுகிற குழாய் எது? எந்த ஊரைக் காட்டி அதை அப்படியே விட்டிருக்கிறீர்கள்? அந்த ஊர் உங்களுக்கு மனப்பாடம். கூடவே இருக்கிறவள் சுவரைப் பிடித்து எழுந்திருப்பது எப்போதாவது கண்ணில் பட்டிருக்கிறதா?

ஆற்காட்டு வீட்டுக்கு வேறு யாரோ குடிவந்துவிட்டார்கள். ஷரஃபுதீனும் கைசர் ஜஹானும் கச்சேரி ரோட்டுப் பக்கம்தான் இருக்கிறார்கள். அவள் இப்போது எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறாள்.