ஐஸ் போட்டு வளர்த்த ஏவன்ஸ்

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
நவம்பர் 1976

அன்பு மகன் பர்னபாசுக்கு உன் அப்பா மரியான் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நானும் உன் தங்கை பிலோமியும் மாதா கிருபையால் சுகம். ஸ்காட்லாந்துக் குளிரில் நீயும் சுகமாயிருக்க தினமும் ஜெபமாலை சொல்கிறோம்.

மாதா கோயில் திருவிழாவுக்கு இந்த வருடமும் வர முடியவில்லை என்று எழுதி, சமாதானத்துக்கு நீ வைத்திருந்த பூ விதைப் பொட்டலம் அப்போதே வந்து சேர்ந்தது. ஒருமுறை நட்டால் வருடாவருடம் தானே தழைத்துப் பூக்கும் என்று எழுதியிருந்தாய். செடிக்கு இருக்கிற பொறுப்பைப் பார் என்று நினைத்தேன், வேறொன்றும் நினைக்கவில்லை. நாசரேத்து ஜேசுபாதம் வாத்தியார்தான் பொட்டலத்தைப் படித்துச் செடியின் பெயர் ஏவன்ஸ் என்றார். அதை அரைகுறையாகக் கேட்ட எதிர்வீட்டு ஆக்னஸ், “அண்ணாச்சி, ஒங்க வீட்டுக்கு ஏவன்ஸ் தொரைன்னு யாரோ வாராவளாமே, மீன் திம்பாவளா?” என்று விசாரித்துவிட்டுப் போனாள். வேர் குளிர்ச்சியாக இருக்க வேண்டும் என்றும் போட்டிருந்ததாம். தூத்துக்குடியில் குளிர்ச்சிக்கு நான் எங்கே போவேன்? திரேஸ்புரத்தில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸை வாங்கி வந்து பாத்தியைச் சுற்றிப் பரப்பினேன். ஐஸ் கரைந்தது, மீன் வாடை கரையவில்லை, தெருப்பூனையெல்லாம் கூடிப் பாத்தியைப் பிறாண்ட, நான் பழைய வலையை மேலே விரிக்க, வலையில் ஒரு பூனை மாட்டிக்கொள்ள, அதை விடுவிக்கப் போன என் கையையும் அது பிறாண்டிவிட, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். “அண்ணனை வளக்கக்கூட நீங்க இந்தப் பாடு படலியே” என்றாள் பிலோமி.

ஆனாலும் மகனே, ஐப்பசி மழை விழுந்ததும் ஏவன்ஸ் முளைத்தது, பூத்தும்விட்டது. ஐந்து இதழ், நல்ல மஞ்சள். பொட்டலத்தில் போட்டிருந்த படத்தில் நிமிர்ந்து நிற்கிறது. நம் வெயிலுக்குத் தரையோடு படுத்துவிட்டது. உன் அம்மா போன பிறகு சாயங்காலங்களில் எனக்குப் பேச ஆளில்லை. இப்போது செடிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஹார்பருக்கு அன்றைக்கு என்ன கப்பல் வந்தது என்று அதனிடம் சொல்கிறேன். பொறுமையாகக் கேட்கிறது. அதனால் கிறிஸ்மசுக்கும் லீவு சிரமம் என்றால் நீ சிரமப்பட வேண்டாம். உன் பூ இருக்கிறது, எனக்கு அது போதும்.

மாதா உன்னைப் பனியிலும் பயணத்திலும் காப்பாளாக. வாத்தியார் உன்னை விசாரித்தார்.

இப்படிக்கு,
உன் அப்பா
மரியான்

பி.கு.: இந்தக் கடிதத்தை நான் ஒட்டப் போகும்போது பிலோமி பாத்தியில் கால் வைத்து அலறினாள். “யப்பா, இது நெருஞ்சி முள்ளுலா! இதுக்கா ஐஸ் வாங்கிக் கொட்டுனீய?” என்கிறாள். எனக்குப் பூத்த அன்றைக்கே தெரியும். இந்த மண்ணில் பிறந்தவனுக்கு நெருஞ்சி தெரியாதா? உன் விதையில் ஒன்றுகூட முளைக்கவில்லை. அதை எழுதினால் இன்னொரு பொட்டலம் அனுப்பிவிடுவாயோ என்றுதான் பயந்தேன். விதை அனுப்பாதே ராசா. நீ வா.