பதினாலாவது ஹிக்கின்பாதம்

“அங்கிள், உங்களுக்கு என்னைத் தெரியாது. சான் ஃப்ரான்ஸிஸ்கோ ஏர்போர்ட்லேருந்து பேசறேன்.”

சந்தானத்துக்கு இது பதினோராவது தடவை. அடுத்த வாக்கியம், “போன் புக்ல உங்க பேரைப் பார்த்தேன்” என்று வரும். அதற்கடுத்தது வருவதற்குள் அவர் கார் சாவியைத் தேட ஆரம்பித்துவிடுவார். 1986-ல் மெட்ராஸிலிருந்து வந்து இறங்குகிற எந்தப் பிள்ளையும் முதல் வேலையாக ஏர்போர்ட் டெலிபோன் டைரக்டரியில் நம்மூர்ப் பெயரைத்தான் தேடினான். சன்னிவேலில் ‘எஸ். சந்தானம்’ என்று பளிச்சென்று ஒரு பெயர் இருந்தது.

“எந்த டெர்மினல்?” என்று களைப்போடு கேட்டுக் குறித்துக்கொண்டார்.

சாப்பாட்டு மேஜையில் ஷ்யாமளா ஒரு கடிதத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அன்று காலைதான் வந்தது. மெட்ராஸில் இரண்டு வருஷம் டாக்டராக இருந்தவள், அமெரிக்காவிலும் டாக்டராக இருப்பதற்கு எழுதவேண்டிய பரீட்சையில் நாலு மார்க்கில் தோற்றிருந்தாள். பரீட்சைக்கு முந்தின பத்து நாளும் சுந்தரராமன் என்று ஒருவர், அபார்ட்மெண்ட் கிடைக்கிற வரைக்கும் என்று மனைவியும் கைக்குழந்தையுமாக ஹாலில் தங்கியிருந்தார். ராத்திரியில் குழந்தை அழுதது. பகலில் சுந்தரராமன் பேசினார்.

“இப்ப யாரு?” என்றாள் ஷ்யாமளா.

“யாரோ பையன். ஒரு வாரம்தானாம்.”

“எல்லாரும் ஒரு வாரம்தான். இதோ பாருங்கோ, ஜூலையில நான் மறுபடி எழுதப்போறேன். இந்தப் பையனோட சரி. இதுக்கப்புறம் இன்னும் ஒருத்தர் இந்த சோஃபாவுல வந்து படுத்தார்னா, நான் மெட்ராஸுக்குப் போய் எங்கப்பா ஆத்துல உக்காந்து படிச்சுக்கறேன். பாஸ் பண்ணினா திரும்பி வரேன்.”

“பண்ணலேன்னா?”

ஷ்யாமளா கடிதத்தை நாலாக மடித்து உறையில் போட்டாள்.

மறுநாள் ஆபீஸிலிருந்து டெலிபோன் கம்பெனிக்குப் போன் செய்தார். டைரக்டரியிலிருந்து பெயரை எடுப்பதற்கு மாதாமாதம் கட்டணம் உண்டு என்றாள் அங்கே பேசிய பெண். போடாமல் இருப்பதற்குக் கட்டணமா! அவருக்கு மனசு ஆறவில்லை.

“வேறு ஏதாவது பெயரில் போட்டுக்கொள்ளுங்கள். அது இலவசம்,” என்றாள் அவள். “என்ன பெயர் போடட்டும்?”

எந்தத் தமிழனும் தேடிப்போகாத வெள்ளைக்காரப் பெயராக இருக்கவேண்டும். ஸ்மித் என்று போட்டால் நிஜ ஸ்மித்துகளைத் தேடுகிறவர்கள் கூப்பிடுவார்கள். இவ்வளவு தூரம் யோசித்தவருக்கு ஒரு பெயர்கூட வாயில் வரவில்லை. ஆபீஸில் எல்லாரும் அவருக்கு பாப், ஜிம், டேவ்தான். அதற்கு மேல் அவர்களுக்கு ஒரு பெயர் உண்டா என்று அவர் விசாரித்ததில்லை. அந்தப் பெண் பெருமூச்சு விடுவது காதில் கேட்டது.

காலேஜ் நாட்களில் ஐந்து வருஷம் அவர் மவுண்ட் ரோடில் பஸ்ஸுக்காக நின்ற இடத்துக்கு எதிரே ஒரு புத்தகக் கடை. பஸ் வருகிறவரை அந்தக் கடையின் போர்டைப் படித்த அளவுக்கு அவர் பாடப்புத்தகத்தைக்கூடப் படித்ததில்லை.

“ஹிக்கின்பாதம்,” என்றார் சந்தானம். “எஸ். ஹிக்கின்பாதம்.”

ஸ்பெல்லிங் கேட்டாள். தடங்கலில்லாமல் சொன்னார்.

மே மாதம் புது டைரக்டரி வந்தது. மூன்று வாரம் போன் அடிக்கவில்லை. சோஃபா படுக்கையாக விரியாமல் மூடியே கிடந்தது. ஷ்யாமளா பாடத்தில் இதயத்தை முடித்துக் கிட்னிக்கு வந்தாள். ஒரு சனிக்கிழமை, அப்போதுதான் எழும்பிக்கொண்டிருந்த லிவர்மோர் கோயிலில் ஒரு பையன் யாரிடமோ, “இந்த வருஷம் போன் புக்ல நம்மாளு பேரே இல்லை அங்கிள். எல்லாரும் ஊரைக் காலி பண்ணிட்டாங்களா?” என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தான். சந்தானம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பிரசாதத்தைக்கூட வாங்காமல் காருக்குப் போனார்.

ஜூன் முதல் ஞாயிறு, மாலை ஆறு மணிக்குப் போன் வந்தது.

“மிஸ்டர் ஹிக்கின்பாதம்?” வயதான அம்மாள் ஒருத்தியின் குரல், இழுத்து இழுத்துப் பேசுகிற இங்கிலீஷ். “நான் லொரெய்ன் ஹிக்கின்பாதம். டெக்ஸஸில் லபக் என்ற ஊரிலிருந்து பேசுகிறேன். ஹிக்கின்பாதம் குடும்பச் சங்கத்தின் செயலாளர்.”

அந்த அம்மாள் மூச்சு விடாமல் சொன்னாள். இங்கிலாந்தில் லங்காஷயர் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. அதை வைத்துத்தான் அங்கிருந்தவர்களுக்கு இந்தப் பெயர். அங்கிருந்து கொஞ்சம் பேர் கப்பலேறி வர்ஜீனியா வந்தார்கள். பிள்ளைகள் ஜார்ஜியாவுக்குப் போனார்கள், பேரன்கள் டெக்ஸஸுக்கு. வருஷாவருஷம் நாடு முழுக்க டெலிபோன் டைரக்டரிகளை வரவழைத்து, எந்த ஊரில் எத்தனை ஹிக்கின்பாதம் என்று எண்ணி மேப்பில் குண்டூசி குத்துவது அவள் வேலை.

“உங்கள் ஊர் இருக்கும் சாந்தா கிளாரா கவுண்டியில் போன வருஷம் நம்மவர் ஒருவர்கூட இல்லை. இந்த வருஷம் பதினாலு பேர்! வேறெந்த ஊரிலும் நாம் இப்படி வளர்ந்ததில்லை. உங்கள் தாத்தா எந்தக் கிளை? ‘எஸ்’ என்றால் என்ன?”

“சாமுவேல்,” என்றார் சந்தானம் பயத்தில். “ஆனால் அவர் வீட்டில் இல்லை. நான் இங்கே வாடகைக்கு இருப்பவன்.”

போனை வைத்ததும் ஷ்யாமளா, “உண்மையைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே?” என்றாள்.

“க்ரீன் கார்டுக்கு அப்ளை பண்ணியிருக்கு. பொய்ப் பேர்ல போன் வெச்சிண்டிருக்கான்னு அந்தம்மா யாருக்காவது ஒரு லெட்டர் போட்டா என்ன பண்றது?”

மிஸஸ் லொரெய்ன் தினமும் ஆறு மணிக்குக் கூப்பிட்டாள். ஷ்யாமளா புத்தகத்தைத் திறக்கிற நேரம் அது. சாமுவேல் வந்துவிட்டாரா? ஏன் வரவில்லை? எங்கே போகிறார் தினமும்? ஒரு வாரம் தாக்குப்பிடித்த சந்தானம், இனி கூப்பிடாமல் இருக்கட்டும் என்று, “அவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார்,” என்றார்.

அவ்வளவுதான். அன்றிலிருந்து சங்கமே கூப்பிட்டது. ஜார்ஜியாவிலிருந்து ஒரு ஹிக்கின்பாதம் பாதிரியார் போனிலேயே இருபது நிமிஷம் ஜெபம் செய்தார். வர்ஜீனியாவிலிருந்து ஒருவர் ரத்தம் தேவையா என்று கேட்டார். ஒரே சாயங்காலத்தில் பதினோரு பேர்.

“நம்மவாளே தேவலை,” என்றாள் ஷ்யாமளா. “அவா வந்தப்புறம்தான் உபத்திரவம். இவா வராமலேயே பண்றா. கிட்னியைத் தாண்டவே முடியலை எனக்கு.”

பரீட்சைக்கு ஒரு வாரம் இருந்தது. இனி ஒரே வழிதான் என்று தோன்றியது. மறுநாள் ஆறு மணிக்குப் போன் அடித்ததும் சந்தானம் தொண்டையைச் செருமிக்கொண்டு, “மன்னிக்கவேண்டும். மிஸ்டர் ஹிக்கின்பாதம் காலமாகிவிட்டார். ஹார்ட் அட்டாக்,” என்றார்.

மறுமுனையில் ஏதோ காகிதம் சரசரத்தது.

“அவருமா?” என்றாள் மிஸஸ் லொரெய்ன். அப்புறம் விசும்பினாள். “உங்கள் ஊரில் எங்கள் ஜனங்களுக்கு என்னதான் ஆகிறது?”

பச்சைக் கொலை செய்தவர்போல சந்தானம் ரிஸீவரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். ஆனால் இரண்டு நாள் போன் அடிக்கவில்லை. மூன்றாம் நாள் கதவு மணி அடித்தது.

வெளியே எழுபது வயதுக்கு மேலான ஒரு வெள்ளைக்கார அம்மாள் நின்றாள். ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் மூடிபோட்ட தட்டில் ஏதோ பலகாரம். கக்கத்தில் நீளமாகச் சுருட்டிய காகிதம்.

“நான் லொரெய்ன். டைரக்டரியில் விலாசம் பார்த்து வந்தேன். எங்கள் ரத்தம் கடைசியாக வாழ்ந்த வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டுப் போகிறேன். தொந்தரவு தரமாட்டேன்.” உள்ளே வந்து சோஃபாவை அமுக்கிப் பார்த்தாள். “இது படுக்கையாக விரியுமா?”

ஷ்யாமளா அறை வாசலில் நின்று சோஃபாவைப் பார்த்தாள், சந்தானத்தைப் பார்த்தாள். உள்ளே போய், அலமாரி மேலிருந்து மெட்ராஸ் பெட்டியை இறக்கித் துணிகளை எடுத்து வைக்க ஆரம்பித்தாள்.

சந்தானம் அப்படியே கார்ப்பெட்டில் உட்கார்ந்துவிட்டார். இதற்கு மேல் பொய் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. எல்லாவற்றையும் சொன்னார். ஏர்போர்ட் பிள்ளைகள், கைக்குழந்தை, நாலு மார்க், மவுண்ட் ரோடு போர்டு, க்ரீன் கார்டு பயம், எதையும் விடவில்லை. “என் மனைவி கெட்டிக்காரி. இந்த வீட்டில்தான் அவளால் படிக்க முடியவில்லை. எங்களுக்கு ரொம்பக் களைப்பாக இருக்கிறது, மேடம்,” என்று முடித்தார்.

அந்த அம்மாள் காகிதத்தை மடியில் விரித்தாள். வம்ச வரைபடம். ஓரத்தில் சாமுவேல் என்று எழுதிச் சுற்றிலும் கறுப்புக் கட்டம் போட்டிருந்தாள்.

“அப்படியென்றால் எஸ், சாமுவேல் இல்லையா?”

“சந்தானம்.”

அவள் கைப்பையிலிருந்து ரப்பரை எடுத்துக் கறுப்புக் கட்டத்தை அழித்தாள். “போகட்டும். இந்த வீட்டிலாவது யாரும் சாகவில்லை,” என்றாள்.

மணி ஆறு. போன் அடித்தது. சந்தானம் பதறி எழுவதற்குள் அந்த அம்மாளே எடுத்துவிட்டாள்.

“ஹிக்கின்பாதம் வீடு. இங்கே இப்போது யாரும் பேசமாட்டார்கள்,” என்று சொல்லி வைத்தாள். அறையைப் பார்த்து, “பெண்ணே! முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள் நான். பரீட்சைக்குப் படிக்கிற டாக்டர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியை மூடு, புத்தகத்தைத் திற,” என்று அதட்டினாள்.

அந்த நாலு நாளும் அவள் போன் பக்கத்திலேயே ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜார்ஜியாவோ வர்ஜீனியாவோ, துக்கம் விசாரித்த ஒருத்தரையும் மூன்று வார்த்தைக்கு மேல் பேசவிடவில்லை. ரசத்தைக் கப்பில் ஊற்றிக் குடித்தாள். சாயங்காலம் ஷ்யாமளாவை எதிரே உட்காரவைத்துக் கேள்வி கேட்டாள். சந்தானத்தை மட்டும் பேசக்கூடாது என்று சொல்லி பால்கனியில் உட்காரவைத்தாள். ஷ்யாமளா கிட்னியைத் தாண்டினாள், லிவரைத் தாண்டினாள், மூளையையும் முடித்தாள்.

பரீட்சை ஓக்லாந்தில். சாயங்காலம் ஷ்யாமளா வெளியே வந்து காரில் ஏறினாள். ஃப்ரீவேயில் பத்து மைல் போனதும், “நன்னா எழுதியிருக்கேன். இந்த வாட்டி பாஸ்,” என்று சொல்லி அழுதாள். சந்தானத்துக்கும் ரோடு மங்கலாகத் தெரிந்தது. வலது லேனுக்கு மாறி மெதுவாக ஓட்டினார்.

“அடுத்த வருஷமும் அந்தப் பேரே இருக்கட்டும்,” என்றாள் ஷ்யாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டு. “ராசியான பேர்.”

“நான் இருக்கற வரைக்கும் அதுதான்,” என்றார் சந்தானம்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மிஸஸ் லொரெய்ன் போனைக் காதில் வைத்திருந்தாள். பரீட்சை முடிந்துவிட்டதால் காவலைத் தளர்த்தியிருந்தாள்போல. “ஒரு பையன். ஹிக்கின்பாதம் வேண்டுமாம்,” என்று ரிஸீவரை நீட்டினாள்.

“ஹலோ?”

“அங்கிள், என் பேரு பசுபதி. உங்களுக்கு என்னைத் தெரியாது. ஏர்போர்ட்லேருந்து பேசறேன்.”

சந்தானம் சோஃபாவைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, போன் புக்ல என் பேரே கிடையாதே! இது தமிழ் வீடுன்னு உனக்கு எப்படித் தெரியும்?”

“மெட்ராஸ்லயே சொல்லித்தான் அனுப்பினாங்க அங்கிள், அந்த ஊர்ல ஹிக்கின்பாதம்னு போட்டிருந்தா எல்லாம் நம்மாளுங்கதான், வரிசையா கூப்பிடுன்னு. கூப்பிட்டேன், பதிமூணு வீட்லயும் அவரு ஹார்ட் அட்டாக்ல போய்ட்டாருன்னு தமிழ்லயே சொல்றாங்க. நல்ல வேளை, நீங்க ஒருத்தராவது உயிரோட இருக்கீங்க!”