ஒரு பூசணிக்காயின் பள்ளிப் பயணம்

காரில் போகும் குழந்தைகளைக் காப்பாற்றுவதில் உலகத்துக்கே வழிகாட்டிய ஊர் புதுச்சேரி. கையெழுத்தைத் தவிர வேறு படிப்பில்லாத நான் சொல்வதால் சந்தேகப்பட வேண்டாம். சங்கத்தின் தீர்மானப் புத்தகத்திலேயே அப்படித்தான் எழுதியிருக்கிறதாம். இந்தக் காலத்து ஆட்கள் தும்மல் வந்தால்கூட தலைவர், செயலாளரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் தும்முகிறார்கள்.

நெல்லித்தோப்பிலிருந்து பதினொரு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும் பழைய கார் ஒன்று. அதன் முன்கதவு வளைவில் தானாகத் திறந்துகொள்ளும். அந்தக் கதவோரம்தான் என் பேத்தி தனக்கொடியின் இடம். ஆறு வயசு. ஒருநாள் அவள் பாதி வெளியே போய்விட்டாள். பக்கத்துப் பிள்ளை சொர்ணம் சடையைப் பிடித்து இழுத்ததால் மீதி உள்ளே நின்றது.

நான் மீன் விற்றவன். நெத்திலிக் கூடையை பஸ்ஸில் ஏற்றினாலும் இரண்டு கட்டு கட்டுவேன். காரின் சொந்தக்காரர் ஜான்-பத்திஸ்த், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஐயா என்றால் திரும்பமாட்டார், 'முசியே' என்றால்தான் திரும்புவார். அவரிடம் போனேன்.

"கதவுக்கு ஒரு கொக்கி போடுங்க முசியே."

"கொக்கியெல்லாம் சின்ன விஷயம் பெரியவரே. பெரிசா செய்வோம்."

செய்தார். 'மோட்டார் வாகனச் சிறார் பாதுகாப்புச் சங்கம்' பிறந்தது. தலைவர் அவரே. செயலாளர் பள்ளிக்கூட குமாஸ்தா தெய்வசிகாமணி. முதல் கூட்டம் மாலை போடுவதில் முடிந்தது. இரண்டாவது கூட்டம், தீர்மானத்தை எந்த பாஷையில் எழுதுவது என்பதில் முடிந்தது. பிரெஞ்சுக் கொடி இறங்கி மூன்று வருஷம் ஆகியும், பிரெஞ்சில் எழுதினால்தான் அது தீர்மானம் என்று தலைவர் நினைத்தார். இரண்டிலும் நான் கொக்கியைக் கேட்டேன். 'பெரியவரின் உணர்ச்சி பதிவு செய்யப்பட்டது' என்று எழுதிக்கொண்டார்கள். தனக்கொடி தினமும் சடையைச் சொர்ணத்தின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போய்வந்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் 'விஞ்ஞானப் பரிசோதனை' முடிவானது. தனக்கொடியின் எடைக்கு ஒரு பூசணிக்காய். அதற்கு அவளுடைய சிவப்பு ரிப்பனையே கட்டி, அவள் இடத்திலேயே உட்கார வைத்தார்கள். திங்கட்கிழமை காலை பிள்ளைகளையும் நிறுத்திவைத்துக்கொண்டு சங்கம் முழுவதும் வளைவில் காத்திருந்தது. டிரைவர் அம்மாவாசை காரை ஓட்டிவந்து திருப்பினான். கதவு திறந்தது. பூசணிக்காய்க்குச் சடை இல்லை. யாராலும் பிடிக்க முடியவில்லை. நடுரோட்டில் விழுந்து நாலாகப் பிளந்தது.

நான் ரிப்பனையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தெய்வசிகாமணிதான் முதலில் தெளிந்தார். "நடுரோட்டுல பூசணிக்கா ஒடஞ்சிருக்கு முசியே. கார் மேல இருந்த திருஷ்டி மொத்தமும் கழிஞ்சிடுச்சி."

தலைவர் சிலுவை போட்டுக்கொண்டு அதை ஒத்துக்கொண்டார். கைதட்டல். 'பரிசோதனை முழு வெற்றி. இனி கொக்கி தேவையில்லை' என்று அங்கேயே, பானெட் மேல் புத்தகத்தை வைத்து எழுதினார்கள். அம்மாவாசை மட்டும் கதவை இரண்டு தரம் சாத்திப் பார்த்தான். இரண்டு தரமும் அது திறந்துகொண்டது. சங்கம் அதைப் பதிவு செய்யவில்லை.

தலைவர் கதவைப் பிடித்துக்கொண்டு தனக்கொடியிடம் குனிந்தார். "ஏறும்மா. ஊர்லயே பத்திரமான சீட்டு இனிமே இதுதான்."

"அப்ப ஒங்க பேத்தி லிலியான உக்கார வையுங்க" என்றேன்.

"அவ ரிக்‌ஷாவுலதான போவா பெரியவரே. கார்னா, கதவு கிதவு தொறந்துகிச்சின்னா என்ன பண்றது?"

ரிப்பனை எடுத்து, விதையை உதறி, தனக்கொடியின் தலையில் கட்டினேன். கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். சொர்ணமும் கூடவே வந்தாள், பழக்கதோஷத்தில் சடையைப் பிடித்தபடி. குழந்தைகளை ரோட்டில் நடத்திக் கூட்டிப்போவது ஆபத்து என்று பின்னாலிருந்து தெய்வசிகாமணி எச்சரித்தார்.

ஆபத்துதான். அந்தக் கார் அதே ரோட்டில்தானே வரும்.