பட்டம் இல்லாத விமானி

பயணிகளின் நலன் கருதியும் நிறுவனத்தின் மாண்பு கருதியும், கேப்டன் ஆக விரும்பும் துணை விமானிகள் ஏதேனும் ஒரு கல்லூரிப் பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று ஒரு விமான நிறுவனம் ஆழ்ந்து யோசித்து முடிவு செய்தது. அந்த மாண்பு நேராக வந்து விழுந்தது பாளையம்பட்டி பிருந்தாவின் தலையில்.

பிருந்தா பிளஸ் டூ முடித்த கையோடு விமானப் பயிற்சிக்குப் போனவள். மழையிலும் மூடுபனியிலும் எத்தனையோ பேரைப் பத்திரமாகக் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். கேப்டனுக்கான பரீட்சை எல்லாம் பாஸ். துணை விமானியின் வலது சீட்டிலிருந்து கேப்டனின் இடது சீட்டுக்கு மாறி உட்கார வேண்டியதுதான் பாக்கி.

சென்னை ஆபீஸில் அதிகாரி காளீஸ்வரனைப் போய்ப் பார்த்தாள்.

"எந்தப் பட்டம் சார் வேணும்?"

"எதுவானாலும் சரிம்மா. வரலாறு, வணிகவியல், மனையியல். நிறுவனம் பாகுபாடு பார்க்காது."

"அதுக்கும் பிளேன் ஓட்டுறதுக்கும் என்ன சார் சம்பந்தம்?"

"சம்பந்தம் இருக்கணும்னு விதியில எங்கயும் சொல்லலையே," என்றார் அவர் கனிவாக.

"அப்ப இத்தன வருஷம் நான் ஓட்டினது?"

"அது வலது சீட்டும்மா. அதுக்குப் படிப்பு தேவையில்ல."

அருப்புக்கோட்டையில் பருப்பு மண்டி வைத்திருந்த அவள் அப்பா நவநீதகிருஷ்ணன் விஷயத்தைக் கேட்டுப் பொரிந்து தள்ளினார். "ஏரோப்ளேன் விடுறவளுக்குப் பட்டம் விடவும் தெரியணுமாக்கும்? இவுகளையெல்லாம் யாரு ஆபீசரா வச்சது?"

வேறு வழியில்லை. பிருந்தா தபால் வழியில் பி.ஏ. வரலாறு சேர்ந்தாள். போகிற ஊரில் எல்லாம் ஓட்டல் அறைக் கட்டிலில் சம்மணம் போட்டு, பானிப்பட்டுப் போர்களை மனப்பாடம் செய்தாள். அதற்குள் அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஜெயக்குமார் கேப்டன் ஆகிவிட்டான். அவன் மீன்வளம் படித்தவன். அவன் பக்கத்திலேயே அவள் துணை விமானியாக உட்கார வேண்டியதாயிற்று. நல்ல பையன், வெறுக்கவும் முடியவில்லை.

ஒருநாள் திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் கீழே வறண்டு கிடந்ததைக் காட்டி, "மீன் வளர்ப்பு பத்தி நிறையத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் எங்க தெரியும்க்கா? நான் மீனே சாப்பிட மாட்டேன்," என்றான் அவன்.

மூன்று வருஷத்தில் பட்டம் கிடைத்தது. காளீஸ்வரன் எழுந்து நின்று கை கொடுத்தார். "இப்பத்தாம்மா நீங்க முழு விமானி."

அதைக் கேட்டதும் சிரிப்பு வரும் என்று நினைத்தாள். வரவில்லை, கொஞ்சம் பெருமையாக இருந்தது. வீட்டு வாசலில் 'கேப்டன் பிருந்தா, பி.ஏ.' என்று போர்டு ஏறியது. பாளையம்பட்டி பஸ் ஸ்டாப்பில் ஊர்க்காரர்கள் வைத்த ஃபிளெக்ஸில் கறுப்பு அங்கியும் குல்லாவுமாக நின்றாள். பக்கத்தில் விமானத்துக்கு இடம் போதவில்லை.

லீவில் அவள் ஊருக்கு வந்திருந்தபோது, மண்டிக்கு வாங்கிய புது லோடு வண்டிக்கு டிரைவர் தேடினார் அப்பா. பாலவனத்தத்திலிருந்து மாரிக்கண்ணன் வந்தார். தூத்துக்குடி வரை லாரி ஓட்டிப் பழகியவர்.

"என்ன படிச்சிருக்கீக?" கேட்டது அப்பா இல்லை, பிருந்தா.

"எட்டாப்புங்க."

அப்பா தாடையைச் சொறிந்தார். "நல்லாத்தான் ஓட்டுவாப்ல. இருந்தாலும் மண்டிக்குன்னு ஒரு தரம் வேணாமா?"

"வேணும்ப்பா," என்றாள் பிருந்தா.

'டிரைவர் தேவை. டிகிரி அவசியம்' என்று எழுதிப் போட்டார்கள். மறுநாள் காரியாபட்டியிலிருந்தெல்லாம் பிள்ளைகள் சான்றிதழோடு வந்து வரிசையில் நின்றார்கள். கோட்டைச்சாமி, பி.இ., தேர்வானான். லைசென்ஸ் இருந்தது, ஓட்டிப் பழக்கம்தான் இல்லை.

விருதுநகருக்கு முதல் லோடு கிளம்பியது. வண்டி இரண்டு குதி குதித்து நடுரோட்டில் நின்றுவிட்டது. வேலை கிடைக்காமல் நின்ற பி.காமும் எம்.ஏ.வும் ஓடிவந்து தள்ளினார்கள். கேப்டன் பிருந்தா துப்பட்டாவை இடுப்பில் சொருகிக்கொண்டு கூடச் சேர்ந்தாள். பின்னால் பஸ் ஒன்று ஹாரன் அடித்தது.

எதிர் டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன மொதலாளி, புது வண்டிய இப்படித் தள்ளிக்கிட்டு இருக்கீக?"

நவநீதகிருஷ்ணன் மூச்சு வாங்க நிமிர்ந்தார். "எங்கூடத் தள்ளுறவுக அத்தன பேரும் டிகிரிப்பா."