பால்பாண்டிக்கு நாங்கள் செய்த அறிமுகம்

பாரத தேசத்தின் தொழிற்புரட்சி எந்த ஊரில் தொடங்கியது என்று வருங்காலச் சரித்திர ஆசிரியர்கள் மண்டையை உடைத்துக்கொள்வார்கள். அவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம். இரண்டாவது ஐந்தாண்டுத் திட்ட காலத்தில், போடிநாயக்கனூர் உயர்நிலைப் பள்ளி ஒன்றின் ஆசிரியர் அறையில் அது தொடங்கியது. தொடங்கி வைத்தவன் நான். அப்போது நான் வடை தின்றுகொண்டிருந்தேன்.

தலைமையாசிரியர் ஒரு சுற்றறிக்கையோடு உள்ளே வந்தார். பள்ளிக்கு ஒரு 'தொழில் வழிகாட்டி ஆசிரியர்' இருந்தே தீரவேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. அறையில் இருந்தவர்களில் வாய் நிறைய வடை இருந்ததால் மறுத்துப் பேச முடியாதவன் நான் ஒருவனே. "நீரே பாரும்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். இப்படித்தான் மகத்தான பொறுப்புகள் தகுதியானவர்களைத் தேடி வருகின்றன.

நான் பூகோள ஆசிரியன். இயந்திரங்களோடு எனக்கு நேரடி அனுபவம் உண்டு. ஒருமுறை என் சைக்கிளுக்கு நானே செயின் மாட்டினேன். அன்றிலிருந்து பள்ளிக்கு நடந்து வருகிறேன். ஆனால் ஒன்றைப் பற்றி நடத்துவதற்கு அதைத் தெரிந்திருக்க வேண்டும் என்பது அற்பர்களின் வாதம். ஆண்டிபட்டிக் கணவாயைத் தாண்டி அதிகம் போகாமலே நான் இமயமலையை எத்தனையோ வருஷமாக நடத்திவருகிறேன். இமயமலை ஒருநாளும் ஆட்சேபித்ததில்லை.

சென்னையிலிருந்து வரும் ஒரு பத்திரிகையில் அந்தச் சமயம் ஒரு கட்டுரை படித்தேன். அமெரிக்காவில் முன்னுக்கு வருகிறவனுக்கு 'என்ன தெரியும்' என்று யாரும் கேட்பதில்லையாம். 'யாரைத் தெரியும்' என்பதுதான் கேள்வியாம். எனக்குப் பரம திருப்தி. 'என்ன தெரியும்' என்ற கேள்வி எனக்கு என்றுமே ஒத்துவந்ததில்லை.

மறுவாரமே 'மாணவர் தொழில் அறிமுகச் சங்கம்' உதயமாயிற்று. அறிமுகம் என்ற சொல்லில் அறிவும் இருக்கிறது, முகமும் இருக்கிறது. அறிவை மற்ற ஆசிரியர்கள் கவனித்துக்கொள்ளட்டும், முகத்தை நாம் கவனிப்போம் என்று தொடக்க உரையில் சொன்னேன். கைதட்டல் கிடைத்தது. ஏலக்காய் மண்டி முதலாளி ஜக்கையன் தலைவர். நான் செயலாளர். உறுப்பினர்கள், எஸ்.எஸ்.எல்.சி. வகுப்பில் படித்த மாணவர்கள் சிலர். அவர்களில் முக்கியமானவன் பால்பாண்டி.

பால்பாண்டி பக்கத்துச் சிலமலை ஊர்க்காரன். தகப்பன் இல்லை. தாய் மருதாயி, ஜக்கையனின் மண்டியில் ஏலக்காய் தரம் பிரிக்கிறவள். பையன் கணக்கில் சூரன். மதுரைத் தொழிற்பள்ளி ஒன்றில் மின்சாரப் படிப்புக்குச் சேர்ந்துவிட வேண்டும் என்பது அவனுடைய ஒரே ஆசை. அவனிடம் இருந்த ஒரே குறை, கேள்வி கேட்பது.

"சார், அங்க சேர்றதுக்கு முன்னாடி நேர்ல கூப்பிட்டுக் கேள்வி கேப்பாங்களாம். மிஷின் படமெல்லாம் காட்டுவாங்களாம். அதுக்கு எதைப் படிக்கணும்?"

"உன்னிடம் அறிமுக அட்டை இருக்கிறதா?"

"இல்ல சார்."

"அட்டையே இல்லாதவன் படித்து என்ன செய்யப்போகிறாய்?"

அவன் யோசித்தான். யோசிக்க வைப்பதுதானே ஆசிரியர் பணி.

அட்டை அச்சடிக்கும் பொறுப்பை மொக்கையனின் அச்சகம் ஏற்றது. கல்யாணப் பத்திரிகைக்கும் கோயில் நோட்டீசுக்கும் பெயர்போன அச்சகம் அது. பெயருக்குக் கீழே 'வருங்கால மின்பொறியாளர்' என்று போடச் சொன்னேன். எங்கள் தமிழாசிரியர் உருவாக்கித் தந்த அருஞ்சொல். வந்த அட்டையில் இருபுறமும் வாழைமரம் நின்றது. நடுவில், 'பால்பாண்டி, வருங்கால மின்பொரியாளர்.'

"ஏம்ப்பா, பொரி விற்கிறவனா இவன்?" என்றேன்.

"பெரிய 'றி' தீந்துபோச்சு சார்" என்றான் மொக்கையன். "முகூர்த்த மாசம் பாருங்க. வாழைமரத்துக்குத் தனியாக் காசு வேணாம்."

செலவு தலைவருடையது. ஆகவே அட்டையின் பின்புறமும் தலைவருடையது. சங்கக் கூட்டத்தில் இதைப் பற்றி விவாதம் நடந்தது.

"சார், பின்னாடி வெறுமனே விட்டா நம்ம மார்க்கு எழுதிக்கலாமே" என்றான் பால்பாண்டி.

"மார்க்கை யாருப்பா பாக்குறா?" என்றார் ஜக்கையன். "எடுத்த எடுப்புல கமகமன்னு ஒரு விசயம் இருக்கணும். ஏலம் இல்லாட்டி எதுவும் ஏலாது தம்பி."

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. பின்புறத்தில் 'ஜக்கையன் ஏலக்காய் மண்டி. முதல்தரப் பச்சை ஏலம், மொத்தமாகவும் சில்லறையாகவும்' என்று கொட்டை எழுத்தில் வந்தது. அதில் ஒரு பிழைகூட இல்லை.

அந்தச் சமயம்தான் போடிமெட்டுக்கும் அதற்கு மேலே உள்ள எஸ்டேட்டுகளுக்கும் மின்கம்பி கொண்டுபோகிற பேச்சு எழுந்து, மதுரையிலிருந்து ஒரு பெரிய என்ஜினீயர் ஜீப்பில் வந்து பயணியர் பங்களாவில் தங்கினார். தொழிற்பள்ளித் தேர்வுக் குழுவிலும் அவர் அங்கத்தினர். எங்களுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு வருமா? மாணவர்களுக்கு ஒரு வாரமாகக் கைகுலுக்கப் பயிற்சி கொடுத்திருந்தேன். விடியற்காலையிலேயே தலைவர் ஜக்கையன் முன்னே நடக்க, அவர்களை அணிவகுக்க வைத்து அழைத்துப் போனேன்.

பால்பாண்டி முன்னால் வந்து, கைகுலுக்கி, அட்டையை நீட்டினான். என்ஜினீயர் வாழைமரத்தைப் பார்த்தார்.

"கல்யாணம் எப்போ தம்பி?"

"கல்யாணம் இல்லைங்க. நான் மின்சாரம் படிக்கணும்."

அவர் அட்டையைத் திருப்பினார். முகம் மலர்ந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

"பச்சை ஏலமா? மதுரையிலே நல்ல சரக்கே கிடைக்கிறதில்லே. வெளுத்துப்போனதைக் கொடுத்து ஏமாத்தறான். ராத்தல் என்ன விலை?"

பையன் திகைத்தான். மின்சாரப் பாடத்தின் ஓம் விதியைக் கேட்பார் என்று இரவெல்லாம் படித்திருக்கிறான். ஆனாலும் தாய் சொல்லிக் கேட்டுப் பழகிய விலையைச் சொன்னான். என்ஜினீயர் சந்தோஷமாக, "அடுத்த வாரம் வீட்டிலே கொண்டுவந்து கொடுத்துடேன்" என்றார். பணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. பெரிய மனிதர்களிடம் நாங்களும் பேசவில்லை.

திரும்பும்போது ஜக்கையன் என் தோளைத் தட்டினார். "வாத்தியாரே, பலே ஆளு நீங்க."

எங்கள் சங்கத்தின் பொற்காலம் இவ்வாறு தொடங்கியது. பால்பாண்டி ஏலக்காய்ப் பொட்டலத்தோடு மதுரைக்கு பஸ் ஏறினான். என்ஜினீயர் வீட்டுப் பாயசம் மணத்தது. பக்கத்து வீட்டு ஓவர்சியருக்கு அந்த மணம் எட்டியது. அவருக்கும் பொட்டலம் போயிற்று. பிறகு தலைமை குமாஸ்தா, அவருடைய சம்பந்தி, சம்பந்தியின் டாக்டர் என்று அறிமுகம் ஆலமரமாகப் படர்ந்தது. மதுரையில் அவன் நுழையாத இலாகா வீடு இல்லை. எந்த வாசலில் நின்றாலும், "ஏலக்காய்த் தம்பி வந்திருக்கு" என்று உள்ளேயிருந்து அன்போடு குரல் வரும். சமையலறை வரைக்கும் அவனுக்கு வழி தெரிந்தது. அலுவலக அறை வரைக்கும் போகத்தான் சந்தர்ப்பம் அமையவில்லை.

பள்ளிக்கு வராத நாட்களை 'தொழில் சுற்றுப்பயணம்' என்று நானே வருகைப் பதிவில் எழுதினேன். கணக்கு மார்க்கு இறங்கியது. தொடர்புகள் ஏறின. மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில் இரண்டாவதை மட்டும் விவரித்தேன்.

ஒருநாள் மாலை மருதாயி பள்ளிக்கூட வாசலுக்கு வந்தாள். கையில் ஏலக்காய் மணம். என்னைக் கண்டதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாத்தியாரய்யா, ஒரு வார்த்த கேக்கணும். எம்மகன் படிக்கப் போறானா, ஏலக்கா விக்கப் போறானா?"

"அம்மா, இது விற்பனை இல்லை. தொடர்பு."

"அப்படின்னா?"

"நாலு பெரிய மனிதர்களுக்கு அவன் முகம் தெரிய வேண்டும் இல்லையா?"

"தெரிஞ்சு?"

"நாளைக்கு ஒரு சோலி என்று போனால், 'அட, நம்ம பையன்' என்பார்கள்."

அவள் கையில் ஒட்டியிருந்த ஏலத்தோலைத் தட்டிவிட்டாள். "நான் பகலெல்லாம் குனிஞ்சு பொறுக்குறேன். அவன் அதையே சொமக்குறான். இதுக்கு எதுக்கய்யா பெரிய பள்ளிக்கூடம்? அஞ்சாவதோட நிறுத்தியிருந்தா இந்நேரம் நல்லாச் சொமந்திருப்பானே."

பாமர மக்களுக்கு அமெரிக்க முறைகள் புரிய நாளாகும். அவளை மன்னித்தேன். ஆனால் அன்று இரவு வடையும் இறங்கவில்லை, சோறும் இறங்கவில்லை. அஜீரணம்தான்.

கடைசியில் தேர்வுக்கு அழைப்பு வந்தது. பால்பாண்டியைத் தனியே அனுப்புவது செயலாளருக்கு அழகா? நானும் மதுரைக்குப் போனேன். தலைவர் கொடுத்தனுப்பிய பொட்டலம் என் மடியில் இருந்தது. பஸ்ஸில் பையன் அதைப் பார்த்துவிட்டான்.

"இன்னைக்கு இது வேணாம் சார்."

"ஒரு மரியாதைக்குத்தானப்பா."

"இன்னைக்கு ஒருநாளாவது அவுங்க என்னைப் பாக்கட்டும் சார்."

நான் தலையசைத்தேன். அவன் வராந்தாவின் கோடியில் தண்ணீர் குடிக்கப் போன நேரம் பார்த்து, பியூனிடம் பொட்டலத்தைக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டேன். கடமை தவறி எனக்குப் பழக்கமில்லை.

அவன் பெயரைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனான். சிரிப்புச் சத்தம் கேட்டது. பிறகு சத்தம் இல்லை. நெடுநேரம் சத்தம் இல்லை. வெளியே வந்தவன் என் பக்கம் திரும்பாமல் படியிறங்கி நடந்தான். பஸ் நிலையத்தில், டீக்கடைப் பெஞ்சில்தான் பிடித்தேன். நான் கேட்கக் கேட்கத்தான் சொன்னான்.

"நம்ம என்ஜினீயரு, ஏலம் இந்த வருசம் என்ன விலைக்குப் போகும்னு கேட்டாரு. அதை மண்டியில கேளுங்க சார், என்கிட்ட மோட்டாரைப் பத்திக் கேளுங்கன்னு சொன்னேன்."

"அப்படியா சொன்னாய்?"

"பக்கத்துல புதுசா ஒரு பெரியவரு, தேர்வுக் குழுவுக்குத் தலைவராம். அவரு சிரிக்கல. ஒரு படத்தை எடுத்துக் காட்டுனாரு. இது என்னன்னாரு. எனக்குத் தெரியல. பம்பு, குறுக்க வெட்டுனா உள்ள எப்படி இருக்கும்னு காட்டுற படமாம். பம்புசெட்டு பாத்திருக்கேன் சார், படத்துல பாத்ததில்லைன்னேன். அப்ப ஒரு வருசமா என்ன செஞ்சேன்னு கேட்டாரு."

"நீ?"

"அறிமுகமாயிட்டு இருந்தேன்னு சொன்னேன்."

டீ வந்தது. இருவரும் அதை ஆற்றிக்கொண்டிருந்தோம்.

அந்த வருஷம் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். படம் வரையக் கற்றுக்கொண்டு மறுவருஷம் வரும்படி அந்தப் பெரியவர் சொல்லியனுப்பினாராம். பால்பாண்டி போடிமெட்டில் கம்பம் நடுகிற கூட்டத்தோடு சேர்ந்து மண் தோண்டினான். அங்கே நில அளவை செய்ய வந்தவரிடம் கெஞ்சிக் கூத்தாடிப் படம் வரையப் பழகினான். மறுவருஷம் இடம் கிடைத்தது. அதற்கும் எங்கள் சங்கத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. ஆனாலும் என் 'வழிகாட்டும் திறமை'யைப் பாராட்டி ஜக்கையன் தலைமையில் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஏலக்காய் மாலையும் போட்டார்கள். பாராட்டு விழாவுக்குப் பால்பாண்டி வரவில்லை.

ஆனால் என்னைப் பற்றிய உண்மையான நற்சான்றிதழ், அன்று அந்த டீக்கடைப் பெஞ்சிலேயே கிடைத்துவிட்டது. டீயைக் குடித்து முடித்ததும், ஆவலை அடக்க முடியாமல் கேட்டேன்.

"உள்ளே என்னைப் பற்றி ஏதாவது விசாரித்தார்களா?"

"விசாரிச்சாங்க சார். உங்க பள்ளிக்கூடத்துல தொழில் வழிகாட்டின்னு ஒருத்தர் இருக்கணுமே, அவரு யாருன்னு அந்தப் பெரியவரு கேட்டாரு."

"நீ என்ன சொன்னாய்?"

"வெளியதான் உக்காந்திருக்காருன்னு சொல்ல வாயெடுத்தேன். அப்புறம் உங்களை நெனச்சாப் பாவமா இருந்துச்சு."

"அதனால்?"

அவன் கிளாசைக் கீழே வைத்தான்.

"அவரு எனக்கு அறிமுகமில்லைன்னு சொல்லிட்டேன் சார்."