ஜிங்க் மட்டும் தப்பியது

காரைக்குடியில், நாங்கள் எமகண்டம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தவரைப் போல நம்பிக்கையில்லாத மனிதர் பிறந்ததும் இல்லை, இனிப் பிறக்கப்போவதும் இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில், ஆய்வேடுகளைக் கம்ப்யூட்டரில் புத்தகமாக்கித் தரும் ஒரு கடையில் நானும் அவரும் வேலை பார்த்தோம். நான் டைப் அடிப்பேன். மெஷின்கள் அவர் பொறுப்பு. யாராவது கோப்புகள் இருக்கும் பிளாப்பியை நீட்டினால், வாங்கும்போதே "போயிரும்" என்பார். புது பிரிண்டருக்கு நாங்கள் சந்தனம் வைத்தபோதும் அதையே சொன்னார். மத்தியானமே போய்விட்டது. தன் கல்யாணத்துக்கு எங்களை அழைத்தபோதுகூட, "நடந்தா வாங்க" என்றுதான் அழைத்தார்.

எல்லா வேலைக்கும் பிளாப்பியில் ஒரு நகல் எடுத்து, டிபன் கேரியரில் போட்டு மூடி, பஸ்ஸில் மடியில் வைத்தபடி புதுவயல் வீட்டுக்குக் கொண்டுபோவார். கடையே தீப்பற்றினாலும் நகல் மிஞ்ச வேண்டுமாம்.

அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருமுறை சந்தோஷப்பட்டார். லினக்ஸ் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றும்போது, எந்த நாடு என்று மெஷின் கேட்டது. வழக்கமாக எதையும் தொடாமல் தாண்டிவிடுவோம். அன்று பட்டியலில் இந்தியா இருந்தது. "நம்மளையும் மதிச்சுக் கேக்குறான்யா" என்று அதையே தேர்ந்தெடுத்தார். எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த வாரம் ஸ்டெல்லா டீச்சரின் ஆய்வேடு வந்தது, உலோகங்கள் அரிக்கப்படுவது பற்றி. அவருடைய அப்பா தேவகோட்டை ஆஸ்பத்திரியில் கிடந்தார். மகள் எழுதிய புத்தகத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் ஆசை. டீச்சர் எங்கள் மெஷினிலேயே உட்கார்ந்து கடைசித் திருத்தங்களைப் போட்டு முடித்தார். எமகண்டம் தான் எழுதி வைத்திருந்த கட்டளைத் தொகுப்பை, அதாவது ஸ்கிரிப்டை, ஓடவிட்டார். அது முதலில் பழைய குப்பைக் கோப்புகளை அழிக்கும். பிறகு அத்தியாயங்களை ஒட்டிப் புத்தகமாக்கும். வெளியே வந்தது ஜிங்க் அத்தியாயம் மட்டும். அலுமினியம், காப்பர், இரும்பு எல்லாம் மாயம்.

வைரஸ் என்றார்கள், கரண்ட் என்றார்கள், கண்ணேறு என்றார்கள். எமகண்டம் கோப்புகளைப் பட்டியலிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். குப்பைக்குச் சின்ன ஆங்கில எழுத்தில் தொடங்கும் பெயர், அத்தியாயத்துக்குப் பெரிய எழுத்தில் தொடங்கும் உலோகத்தின் பெயர் என்பது அவர் வைத்திருந்த ஏற்பாடு. சின்ன ஏ முதல் சின்ன இசட் வரை எந்த எழுத்தில் தொடங்கினாலும் அழி என்பது கட்டளை. முன்பெல்லாம் பெரிய எழுத்துகள் தனி வரிசையில் நிற்கும். இந்தியா என்றதும் மெஷின் அகராதி வரிசைக்கு மாறி, சின்ன ஏ, பெரிய ஏ, சின்ன பி, பெரிய பி என்று சின்னதுக்குப் பக்கத்திலேயே பெரியதை நிறுத்திவிட்டது. எல்லாம் கூண்டோடு அழிந்தன. ஜிங்க்கின் பெரிய இசட் மட்டும், சின்ன இசட்டுக்கும் பின்னால் கடைசிக்கும் கடைசியாக நின்றதால் தப்பியது.

"நான்தான் டீச்சர் செஞ்சுப்புட்டேன்" என்றார்.

ஸ்கிரிப்டின் தலையில், பழைய வரிசையே போதும் என்று ஒரு வரி போட்டதும் அது சரியாகிவிட்டது; அழிந்தவை திரும்பவில்லை. டிபன் கேரியரில் நகல் இருந்தது, ஆனால் திருத்தங்களுக்கு முந்தையது. டீச்சர் ஆஸ்பத்திரிக்கும் கடைக்குமாக அலைந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தார். பைண்டிங் முடிந்து வந்த காலையில் அப்பா இறந்துபோனார்.

புத்தகத்தை எமகண்டமே டீச்சர் வீட்டுக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். டீச்சர் அதை வாங்கி, சவப்பெட்டிக்குள் அப்பாவின் கைக்கடியில் கொஞ்ச நேரம் வைத்து எடுத்தார். பிறகு எமகண்டத்திடம் வந்து, "நீங்க நகல் வச்சிருக்கப்போயி இதாச்சும் வந்துச்சு. சாப்பிட்டுப் போங்கண்ணே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் "போயிரும்" என்று சொல்லவில்லை. பிளாப்பியை நீட்டினால், "வந்துரும், கவலைப்படாம போயிட்டு வாங்க" என்பார். கேட்கவே எங்களுக்குப் பயமாக இருக்கும். எத்தனையோ கம்ப்யூட்டர் மாற்றிவிட்டேன். பத்திரமாகச் சேமித்தாயிற்று என்று ஒவ்வொன்றும் சத்தியம் செய்கிறது. "போயிரும்" என்று சொல்ல அந்த மனுஷன் பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.